கடனாளி எடுத்த காட்ஃபாதர்

1990 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கத் தியேட்டர்களில் இரண்டு அப்பாக்கள் மோதிக்கொண்டார்கள்.

ஒருவர் சிகாகோவின் புறநகர்க்காரர். பாரிஸுக்கு விமானம் பிடிக்கும் அவசரத்தில் எட்டு வயசு மகனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனவர். மற்றவர் நியூயார்க்கின் பெரிய மனிதர். மூச்சுக்கு மூச்சு 'குடும்பம், குடும்பம்' என்பவர். குடும்பத்துக்காக வெளியாட்களைக் கொன்றவர். வெளியாட்கள் தீர்ந்தபோது குடும்பத்திலேயே கொன்றவர். பெற்ற பிள்ளையை மறந்த அப்பா ஜெயித்தார். பெற்ற பிள்ளைக்காக உயிரையே விடத் தயாராக இருந்த அப்பாவைப் பார்த்து ஊர் கொட்டாவி விட்டது.

முதல் படம் 'ஹோம் அலோன்'. ஒன்றே முக்கால் கோடி டாலர் சுமாருக்கு எடுத்து, அமெரிக்காவில் மட்டும் 28 கோடிக்கு மேல் அள்ளியது. இரண்டாவது 'தி காட்ஃபாதர் பார்ட் 3'. 5.4 கோடி டாலர் செலவு. அமெரிக்க வசூல் 6.6 கோடிச் சொச்சம். வெளிநாட்டு வசூலையும் சேர்த்தால் நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பேருக்கு இலை போட்ட கல்யாணத்தில் முந்நூறு பேர் வந்து, அதிலும் பாதிப் பேர் பாயசம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இதில் கூடுதல் அவமானம் ஒன்று: 'ஹோம் அலோன்' பொடியன் திருடர்களை விரட்டப் பயன்படுத்துவது டிவியில் ஓடும் ஒரு கறுப்பு வெள்ளைத் தாதா படத்தை. அப்படியொரு படமே கிடையாது. இதற்காகவே எடுத்த துண்டுப் படம் அது, ஓரிரு நிமிஷம்தான். அந்த ஆண்டு ஜனங்களுக்கு அந்த ஓரிரு நிமிஷத் தாதாவே போதுமாக இருந்தார். கொப்போலாவின் தாதா இரண்டே முக்கால் மணி நேரம்.

இந்தத் தோல்வி யார் தலையில் விழுந்தது என்று கேட்டால், படத்தைப் பார்க்காதவர்கள்கூட ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரைப் பிறகு சொல்கிறேன். முதலில் கடன் கணக்கு.

காட்ஃபாதர் என்ற பிள்ளை பிறந்ததே கடனுக்குத்தான். பெற்றவர் மரியோ பூசோ. இரண்டு நாவல்கள் எழுதி, விமர்சகர்களிடம் நல்ல பெயரும் பதிப்பகத்திடம் சில்லறையும் வாங்கியவர். வயது நாற்பத்தைந்து. சொந்தக்காரர்கள், வங்கிகள், சூதாட்டத் தரகர்கள் என்று மொத்தம் 20,000 டாலர் கடன். இனி இலக்கியம் உதவாது என்று ஒரு மாஃபியா கதையை எழுத உட்கார்ந்தார். ஒரு நிஜ தாதாவைக்கூட நேரில் பார்க்காமல், படித்ததையும் கேட்டதையும் வைத்தே எழுதியதாக அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். 1969இல் நாவல் வந்தது, கடன் அடைந்தது, சூதாட்டம் தொடர்ந்தது.

அடுத்து வந்தவர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா. ஹாலிவுட்டை எதிர்த்து சான் பிரான்சிஸ்கோவில் 'அமெரிக்கன் சோட்ரோப்' என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்த இளம் புரட்சிக்காரர். புரட்சிக்குப் பணம் கொடுத்த வார்னர் பிரதர்ஸ், சிஷ்யன் ஜார்ஜ் லூகாஸின் முதல் படத்தைப் பார்த்து அரண்டு போய், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டது. அந்த நேரம் பார்த்து பாரமவுண்ட் இந்த மாஃபியா நாவலை நீட்டியது. கொப்போலாவுக்கு நாவல் பிடிக்கவில்லை. மலிவான கதை என்று நினைத்தார். கம்பெனியை எப்படிக் காப்பாற்றப் போகிறோம் என்ற கேள்வி வந்ததும் நாவல் பிடித்துப்போயிற்று. மறுக்க முடியாத ஒரு பேரத்தை முன்வைப்பது டான் கார்லியோனியின் தொழில் என்று உலகம் நினைக்கிறது. அந்தப் பேரம் முதலில் விழுந்தது டைரக்டர் மேல்தான்.

மீதி உலகறிந்தது. 1972இல் முதல் பாகம், 1974இல் இரண்டாம் பாகம். இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது ஆஸ்கர். இரண்டும் சிறந்த படம். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று கொப்போலா பதினாறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் பாகம் எடுத்தால் அதைக் கோமாளிப் படமாகத்தான் எடுப்பேன் என்று கேலிகூடச் செய்தார். நாக்கில் சனி என்று நம் பாட்டிகள் சொல்வது இதைத்தான்.

இடையில் அவர் செய்த காரியம் 'ஒன் ஃப்ரம் தி ஹார்ட்'. 1982. லாஸ் வேகாஸில் நடக்கிற சாதாரணக் காதல் கதை. லாஸ் வேகாஸுக்கே போய் எடுத்திருக்கலாம். காரில் போனால் ஒரு பகல் பொழுதுகூட ஆகாது. அண்ணன் ஸ்டுடியோவுக்குள்ளேயே ஒரு லாஸ் வேகாஸைக் கட்டினார், நியான் விளக்கோடு. செலவு ஏறக்குறைய 2.6 கோடி டாலர். அமெரிக்க வசூல் பத்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. நிஜ லாஸ் வேகாஸில் போய்ச் சூதாடியிருந்தாலும் இவ்வளவு வேகமாகத் தோற்றிருக்க முடியாது. அதன் பிறகு எண்பதுகள் முழுக்க, வட்டி கட்டுவதற்காக, கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய்ச் சமைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

பாரமவுண்ட் இந்தப் பதினாறு வருஷமும் சும்மா இருக்கவில்லை. கொப்போலா இல்லாமலே மூன்றாம் பாகம் எடுக்கலாமா என்று ஆள் மாற்றி ஆள் வைத்துத் திரைக்கதை எழுதிப் பார்த்தது. எதுவும் தேறவில்லை. எண்பதுகளின் கடைசியில் மறுபடி அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. கடன்காரர்கள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்த கதவுதான். திறந்தார்.

திரைக்கதைக்கு ஆறு மாதம் கேட்டார். ஆறு வாரம் கொடுத்தார்கள். 1990 கிறிஸ்துமஸுக்குப் படம் வந்தாக வேண்டும். 'மைக்கேல் கார்லியோனியின் மரணம்' என்று பெயர் வைக்க ஆசைப்பட்டார். கொட்டகை வாசலில் மரணம் என்று எழுதிப் போட்டால் கூட்டம் வருமா? மறுத்துவிட்டார்கள். கொப்போலாவும் பூசோவும் ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்றில் அறை எடுத்து எழுதினார்கள். கதை நகராதபோது கீழே இறங்கி ரூலெட் ஆடுவார்கள். இரண்டு கடனாளிகள், கடனை அடைக்கிற கதையைச் சூதாட்ட விடுதியில் உட்கார்ந்து எழுதுவது எந்த ஜோசியத்தில் நல்ல சகுனம் என்று தெரியவில்லை.

அடுத்த சிக்கல் ராபர்ட் டுவால். முதல் இரண்டு பாகங்களிலும் குடும்ப வக்கீல் டாம் ஹேகனாக, அந்த வீட்டிலேயே நிதானம் உள்ள ஒரே ஆளாக வந்தவர். மூன்றாம் பாகமே மைக்கேலுக்கும் ஹேகனுக்கும் நடக்கும் உரசல் என்றுதான் கொப்போலா யோசித்து வைத்திருந்தார். சம்பளப் பேச்சு வந்தது. மைக்கேலாக நடிக்கிற அல் பசினோவுக்கு என்னைப்போல இரண்டு மடங்கு கொடுங்கள், சரி; மூன்று மடங்கு, நாலு மடங்கு என்றால் நான் வரவில்லை என்றார் டுவால். நியாயமான பேச்சு. குடும்பம்தான் எல்லாம் என்று சொல்லும் படத்துக்குப் பங்காளிச் சண்டை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஹேகன் இறந்துவிட்டதாகத் திருத்தி எழுதினார்கள். அவருக்குப் பதில் புது வக்கீலாக ஜார்ஜ் ஹாமில்டன் வந்தார். வெயிலில் பதமாகக் காய்ந்த மேனிக்காகப் புகழ்பெற்ற நடிகர். படம் முழுக்க மைக்கேலுக்குப் பக்கத்தில் அழகாக நின்றார். அதற்கு மேல் அவருக்கு வேலையும் இல்லை.

இனி கதை. 1979. மைக்கேலுக்கு வயசாகிவிட்டது. தலைமுடியை ஒட்ட வெட்டி, முள்ளம்பன்றி மாதிரி நரையோடு நிற்கிறார். சர்க்கரை வியாதி வேறு. தாதாக்களுக்குத் துப்பாக்கிக் குண்டு, கத்தி, கயிறு எல்லாம் வரலாம். லோ சுகர் வரக்கூடாது. ஒரு கார்டினலிடம் முக்கியமான விஷயம் பேசப் போன இடத்தில் மயக்கம் வந்து, ஆரஞ்சு ஜூஸும் மிட்டாயும் கேட்டு வாங்கி அவசர அவசரமாகத் தின்கிறார் மைக்கேல். முதல் இரண்டு பாகங்களில் ஆரஞ்சு கண்ணில் பட்டால் யாரோ சாகப்போகிறார்கள் என்று அர்த்தம். இங்கே ஆரஞ்சு உயிரைக் காப்பாற்றுகிறது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவருடைய ஒரே ஆசை, கௌரவமான மனிதன் ஆவது. கௌரவத்தை எங்கே வாங்கலாம்? சர்ச்சில். அப்பா பெயரில் அறக்கட்டளை, அதற்கு மகள் மேரி தலைவி, சிசிலி ஏழைகளுக்கு என்று சர்ச்சுக்குப் பத்துக் கோடி டாலர் காசோலை. பதிலுக்குச் சட்டையில் குத்த ஒரு பதக்கம். நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று வெளிச்சமே தெரியாத அளவுக்குப் பெயர் எழுதிவைக்கும் பெரிய மனிதர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அடுத்து வாட்டிகன் வங்கியில் பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது, அதை அடைக்க 60 கோடி டாலர் தருகிறேன், பதிலுக்கு 'இம்மொபிலியாரே' என்ற ரியல் எஸ்டேட் கம்பெனி என் கைக்கு வரட்டும் என்கிறார். அழுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு சலவைக் கடைக்குப் போனால், கடைக்குள்ளே அதைவிடப் பெரிய அழுக்கு மூட்டை உட்கார்ந்திருக்கிறது. படத்தின் சிறந்த நகைச்சுவை இது. எடுத்தவர்களுக்கு மட்டும் அது நகைச்சுவை என்று தோன்றவில்லை.

இங்கேதான் எனக்குக் கொப்போலாவோடு நிஜமான சண்டை. கையில் இருந்தது சாதாரணச் சரக்கு இல்லை. 1978 ஆகஸ்டில் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அல்பினோ லூசியானி, முதலாம் ஜான் பால் என்ற பெயரோடு 33 நாள் இருந்துவிட்டு, ஒரு ராத்திரி படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வாட்டிகன் வங்கியோடு நெருக்கமாகப் புழங்கிய பாங்கோ அம்ப்ரோசியானோவின் தலைவர் ராபர்ட்டோ கால்வி, 1982 ஜூனில் லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்துக்கு அடியில் தூக்கில் தொங்கினார், சட்டைப் பைக்குள் செங்கல் துண்டுகளோடு. முதலில் தற்கொலை என்றார்கள். பின்னால் கொலை வழக்கு போட்டார்கள். 2007இல் எல்லோரையும் விடுதலை செய்தார்கள். இன்னொரு வங்கிக்காரர் மிக்கேலே சிந்தோனா, 1986இல் இத்தாலியச் சிறையில் ஒரு கப் காபி குடித்தார். அதில் சயனைடு இருந்தது. இதற்கெல்லாம் நடுவில் வாட்டிகன் வங்கியின் தலைவராக அமர்ந்திருந்தவர் பால் மார்சிங்கஸ் என்ற பேராயர். அவர் பிறந்த ஊர் சிகாகோவை ஒட்டிய சிசெரோ, அல் கபோன் கடை விரித்திருந்த அதே ஊர். இப்படி ஒரு கதையைப் பூசோ சொந்தமாக எழுதிக்கொண்டு போயிருந்தால், நம்புகிற மாதிரி எழுதுங்கள் சார் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இம்மொபிலியாரேவும் கற்பனை இல்லை. நிஜக் கம்பெனி. வாட்டிகன் பங்கு வைத்திருந்தது, பிறகு சிந்தோனா கைக்குப் போனது. வாஷிங்டனில் நிக்சனின் நாற்காலியைக் கவிழ்த்த வாட்டர்கேட் கட்டடத்தைக் கட்டியதும் இவர்களே. இதைவிட ருசியான விஷயம், முதல் காட்ஃபாதர் வந்த காலத்தில் பாரமவுண்ட்டின் தாய் நிறுவனமாக இருந்த கல்ஃப் அண்ட் வெஸ்டர்னுக்கு இந்தச் சிந்தோனாவோடும் இம்மொபிலியாரேவோடும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. அதாவது படத்துக்குக் காசு போட்ட வீட்டின் பழைய கணக்கு நோட்டையே புரட்டிப் படம் எடுத்திருக்கிறார் கொப்போலா. என்ன தைரியம்! அந்த நோட்டைப் பார்வையாளனுக்குப் புரிகிற மாதிரி படித்துச் சொன்னாரா என்றால், இல்லை. யாருடைய பணம் எந்த வங்கிக்கு ஏன் போகிறது என்பது ஆடிட்டர்கள் பார்த்தால்தான் விளங்கும். போப் டீயில் விஷம் கலந்து கொல்லப்படும்போது, இவரை ஏன் கொல்கிறார்கள் என்று பக்கத்து சீட்டைக் கேட்காதவர் குறைவு.

சரி, அந்தப் பெயருக்கு வருகிறேன்.

மைக்கேலின் மகள் மேரியாக நடிக்க வேண்டியவர் வினோனா ரைடர். 1989 டிசம்பரில் ரோமுக்கு வந்து இறங்கினார். தொடர்ந்து நடித்த களைப்பில் உடம்பு முடியவில்லை, திரும்பிப் போய்விட்டார். ஒவ்வொரு நாளும் பணம் கரைகிறது. பாரமவுண்ட் அனுபவமுள்ள நடிகைகளின் பட்டியலோடு நிற்கிறது. கொப்போலா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். கல்லூரி விடுமுறைக்கு ரோமுக்கு வந்திருந்த மகள் சோஃபியா கண்ணில் பட்டாள். வயது பதினெட்டு. நடிகையாகும் உத்தேசம் இல்லாத பெண். அப்பா கேட்டார், மகள் சரி என்றாள். குடும்பத் தொழிலில் ஆள் குறைந்தால் வீட்டுப் பிள்ளையைக் கல்லாவில் உட்காரவைப்பது எந்த மளிகைக் கடையிலும் நடக்கிறதுதான். இங்கே கல்லாவுக்கு எதிரே உலகமே நின்றது.

படப்பிடிப்புத் தளத்தைப் பார்த்தால் சினிமாவா, சீமந்தமா என்று சந்தேகம் வரும். இசை கொப்போலாவின் அப்பா கார்மைன். மைக்கேலின் தங்கை கானியாக நடிப்பவர் கொப்போலாவின் தங்கை டாலியா ஷயர். மகளாக மகள். அதிலும் சோஃபியாவுக்கு இது முதல் காட்ஃபாதர் அல்ல. முதல் பாகத்தின் உச்சக்கட்டத்தில், ஒரு பக்கம் சர்ச்சில் ஞானஸ்நானமும் மறுபக்கம் ஊர் முழுக்கக் கொலையும் நடக்கிறதே, அங்கே தலையில் தண்ணீர் ஊற்றப்படும் ஆண் குழந்தை, கானியின் மகன், சோஃபியாதான். பிறந்து சில வாரங்கள். மைக்கேல் அந்தக் குழந்தைக்குத்தான் ஞானத்தகப்பன் ஆகிறார். ஆக, சொந்த அத்தைக்கு மகனாகத் திரையில் நுழைந்து, பதினெட்டு வருஷம் கழித்து அதே அத்தைக்கு மருமகளாகத் திரும்பி வந்தாள். முறை ஒருவழியாகச் சரியாயிற்று.

ஆனால் கதைக்குள் முறை சரியில்லை. அங்கேதான் எங்கள் வீட்டில் படம் நின்றது.

தொண்ணூறுகளில் வாடகை கேசட் எடுத்து, இரண்டாவது கேசட்டை மாட்டியிருந்தேன். மேரியும் வின்சென்ட்டும் சமையல்கட்டில் நின்று மாவை உருட்டி நியோக்கி என்ற இத்தாலியப் பலகாரம் செய்கிறார்கள். அவன் அவள் விரலைப் பிடித்து உருட்டக் கற்றுக்கொடுக்கிறான். அம்மா அரிசி முறத்தோடு வந்து உட்கார்ந்தார். கொழுக்கட்டை பிடிப்பது போல இருந்ததால் அக்கறையாகப் பார்த்தார். உருட்டல் முத்தத்தில் போய் முடிந்தது.

"யாருடா அவன்?"

"அவளோட பெரியப்பா பையன்மா. சன்னின்னு ஒருத்தரை டோல்கேட்ல சுட்டாங்கல்ல, அவரோட பையன்."

அம்மாவின் கை முறத்தில் அப்படியே நின்றது. "பெரியப்பா பையன்னா அண்ணன்ல? கட்டிக்கிற முறையே இல்லையே. அந்தப் பொண்ணுக்கு அத்தை பையன் யாரும் இல்லையா?"

அத்தை பையன் இருந்தான். முதல் பாகத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குழந்தை, மைக்கேல் ரிஸ்ஸி. அந்த வேஷத்தைப் போட்டதும் இதே பெண்தான். அம்மா கணக்குப்படி முறைமாப்பிள்ளையைத் தேடினால் அவள் தன்னையேதான் கட்டிக்கொள்ள வேண்டும். இதை விளக்கப் போய்த்தான் கேசட்டை அணைக்க வேண்டி வந்தது. கத்தோலிக்க அமெரிக்கர்களுக்கும் இந்தக் காதல் நெளிய வைத்தது என்று பின்னால் படித்தேன். காரணம் வேறாக இருக்கலாம், நெளிவு ஒன்றுதான்.

இந்த வின்சென்ட் விஷயத்திலும் ஒரு தில்லுமுல்லு. சன்னிக்கும், முதல் படக் கல்யாணத்தில் அவன் மாடிக்கு அழைத்துப்போன லூசி மன்சினிக்கும் பிறந்தவன் என்கிறது படம். லூசிக்கு அவனால் குழந்தை உண்டாகவில்லை என்று பூசோவின் நாவல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பூசோவே உட்கார்ந்து பூசோவைப் பொய்யாக்கினார். ஆறு வார அவகாசத்தில் யார் பழைய புத்தகத்தைப் புரட்டுவது? இருந்தாலும் வின்சென்ட்டாக ஆண்டி கார்சியா வந்து ஒருவன் காதைக் கடித்ததும்தான் படத்துக்கே ரத்த ஓட்டம் வருகிறது. மைக்கேல் கிழட்டுச் சிங்கம், இவன் நகம் முளைத்த குட்டி. அட்லாண்டிக் சிட்டியில் தாதாக்களுக்கெல்லாம் மைக்கேல் லாபப் பங்கைப் பிரித்துக் கொடுத்து முடிக்கவும், ஹெலிகாப்டர் வந்து கூரை வழியாகச் சுடவும் சரியாக இருக்கிறது. பொதுக்குழு இப்படிக் கலைந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு வின்சென்ட்டிடம் மைக்கேல் பேரம் பேசுகிறார்: டான் பதவி வேண்டுமா, என் மகள் வேண்டுமா? அவன் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரம், ஓட்டலில் இட்லியா தோசையா என்று முடிவு பண்ண ஆகிற நேரத்தைவிடக் குறைவு. பதவி.

கடைசி அரை மணி நேரம் பலெர்மோவின் டியாட்ரோ மாசிமோ ஆப்பெரா அரங்கத்தில். மகன் அந்தோணி பாடுகிறான்; குடும்பமே பட்டுடுத்திப் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த அரங்கத்தை 1974இல் பழுதுபார்க்கப் பூட்டினார்கள், திறந்தது 1997இல். பொதுப்பணி வேகத்தில் சிசிலி நமக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது. பூட்டிக் கிடந்ததால் வாசற்படியைத்தான் கொப்போலா நன்றாகப் பயன்படுத்தினார். உள்ளே பாட்டு, வெளியே வரிசையாகக் கொலை. ஒருவருக்கு மூக்குக் கண்ணாடியால் கழுத்தில் குத்து. பேராயருக்கு மாடிப்படியில் தோட்டா. வங்கிக்காரர், கால்வியை நினைவுபடுத்தும் விதமாக, பாலத்துக்கு அடியில். கானி தன் சொந்த ஞானத்தகப்பனுக்கு விஷம் வைத்த கன்னோலியைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டு, அவர் ஒவ்வொரு வாயாக மென்று விழுங்குவதைப் பைனாக்குலரில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காட்ஃபாதர் என்று பெயர் வைத்த படத்தில் காட்ஃபாதர் பலகாரம் தின்று சாகிறார். அந்தக் கிழவராக நடித்த ஈலை வாலக், சாகிறவரை ரசித்துத் தின்றார்.

பிறகு அந்தப் படிக்கட்டு. பாதிரியார் வேஷத்தில் வந்தவன் மைக்கேலைச் சுடுகிறான். குண்டு மகள் மேல் பாய்கிறது. மேரி குனிந்து நெஞ்சைப் பார்த்து, அப்பாவை ஒரு வார்த்தையில் கூப்பிட்டுவிட்டு விழுகிறாள்.

அந்த ஒற்றை வார்த்தையை அவள் சொன்ன விதத்தைத்தான் 1991 முழுக்கக் கிண்டல் செய்தார்கள். கோல்டன் ராஸ்பெர்ரி என்ற கேலி விருதில் மோசமான துணை நடிகை, மோசமான புதுமுகம் என்று இரண்டு பட்டம் அந்தப் பெண்ணுக்கு. ஆறு வாரத் திரைக்கதை, வராத டுவால், விளங்காத வங்கிக் கணக்கு, கிறிஸ்துமஸ் கெடு எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்த பில்லையும் பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி தலையில் எழுதினார்கள். நானும் சிரித்தவன்தான். மைக்கேலுக்காக வந்த குண்டை மேரி வாங்கியதைப் போல, தனக்கு வந்த குண்டைத் தன் மகள் வாங்கினாள் என்று கொப்போலாவே பிறகு வருத்தப்பட்டிருக்கிறார். சொந்தக் கதையை இவ்வளவு துல்லியமாக முன்கூட்டியே எடுத்துவைத்த டைரக்டர் வேறு யார்?

இன்னொன்றும் உண்டு. 1986இல், ஒரு படப்பிடிப்புக்கு நடுவே, கொப்போலாவின் மூத்த மகன் ஜான் கார்லோ படகு விபத்தில் இறந்துபோனான். இருபத்திரண்டு வயது. அதற்கு நாலு வருஷம் கழித்து ஒரு தகப்பன், பிள்ளையைப் பறிகொடுக்கும் தகப்பனைப் படம் பிடிக்கிறான்; படியில் கிடப்பதோ சொந்த மகள். பசினோ வாயைத் திறந்து அலறுகிறார். எடிட்டர் வால்டர் மர்ச் அந்த முதல் அலறலின் சத்தத்தை எடுத்துவிட்டார். வாய் மட்டும் திறந்து கிடக்கிறது, சத்தம் வருவதில்லை. அந்தச் சில நொடிகளுக்கு எந்தக் கிண்டலும் எடுபடாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

ஏழு ஆஸ்கர் பரிந்துரை, பூஜ்யம் ஆஸ்கர். அதே மேடையில் ஜோ பெஸ்கி 'குட்ஃபெல்லாஸ்' படத்துக்காகத் துணை நடிகர் விருது வாங்கினார். 'ஹோம் அலோன்' படத்தில் பொடியனிடம் அடிவாங்கிய திருடனும் அவர்தான். இரண்டு பக்கமும் கொப்போலாவை அடித்த புண்ணியம் அவருக்கு. ஒரே ஆறுதல் விமர்சகர் ரோஜர் ஈபர்ட்: மூன்றாம் பாகத்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். இரண்டாம் பாகம் வந்தபோது அவர் கொடுத்தது மூன்று. ஊரோடு ஒத்து வாழ மறுப்பவர்களால்தான் உலகம் சுவாரசியமாக இருக்கிறது.

கடன் என்ன ஆயிற்று? படம் முடித்த பிறகும் திவால் மனுவோடு நீதிமன்றத்துக்கு அலைந்துகொண்டிருந்தார் கொப்போலா. அப்போது ஒரு பெண் திரைக்கதையோடு வந்தாள், 'டிராகுலா'. 1992இல் வெளிவந்து உலகமெங்கும் 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்துக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. கொண்டுவந்தவள் ரோமிலிருந்து திரும்பிப்போன அதே வினோனா ரைடர். சோஃபியா நடிப்பை மூட்டைகட்டிவிட்டு கேமராவுக்குப் பின்னால் போனாள். 2004இல் திரைக்கதைக்கு ஆஸ்கர். 2010இல் 'சம்வேர்' வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. ஒரு நடிகர் அப்பாவும் பதினோரு வயசு மகளும் ஓட்டலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு பொழுதைக் கழிக்கிற படம். யாரும் யாரையும் சுடுவதில்லை. படிக்கட்டு இருந்தாலும் மகள் பத்திரமாக இறங்கி வருகிறாள்.

2020இல் பாரமவுண்ட் மனமிரங்கியது. முப்பது வருஷம் கழித்து, படத்தை வெட்டி ஒட்டி மாற்றி, ஆசைப்பட்ட பெயரையே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. 'மைக்கேல் கார்லியோனியின் மரணம்' என்று கம்பீரமாகப் பெயர் போட்டு வந்தது. 1990 படத்தின் கடைசிக் காட்சியில் மைக்கேல் சிசிலி வீட்டு முற்றத்தில் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்படியே சரிந்து விழுந்து சாவார்; பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி. மரணம் என்று பெயர் வைத்த புதுப் பதிப்பில் கொப்போலா அந்தச் சாவை வெட்டிவிட்டார். கண்ணாடியை மாட்டுகிறார், அவ்வளவுதான். ஆள் சாகவில்லை.

2024இல் கொப்போலா தன் திராட்சைத் தோட்டத் தொழிலில் இருந்து திரட்டிய சொந்தப் பணம் சுமார் 12 கோடி டாலரைப் போட்டு எடுத்த 'மெகாலோபொலிஸ்' படத்தை வெளியிட்டார். வசூல் ஒன்றரைக் கோடியைத் தொடவில்லை. மைக்கேல் இன்னும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.